விடாத பிரேக், பிடிக்காத பிரேக்
பழைய காரின் பின் சில்லுகள் இறுகினால் செய்ய வேண்டியவை



போராலோ, மண்சரிவாலோ, வேறு காரணங்களாலோ நிலத்தை விட்டு வந்த குடும்பங்கள் சில, புதிய இடத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு பழைய காரை வாங்கிப் பொதுவாகப் பாவிக்கின்றன. மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு போவது, பிள்ளைத்தாய்ச்சியை வைத்தியசாலைக்குக் கொண்டு போவது, விதையும் பசளையும் ஏற்றி வருவது எல்லாம் அந்த ஒரு காரில்தான். அது ஓடாத நாளில் எல்லார் வேலையும் நின்றுவிடும். ஓடக் கூடாத நாளில் அதை ஓட்டினால் அதைவிடப் பெரிய இழப்பு வரும். இந்த இரண்டாவது விடயத்தையே இப்பாடத்தில் படிக்கப் போகிறோம்.

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தைப் படித்து முடித்ததும் நாம்
1. பின் பிரேக் இறுகுவதற்கான காரணத்தைக் கண்டறியவும்,
2. எம்மால் செய்யக்கூடிய வேலையைப் பாதுகாப்பாகச் செய்யவும்,
3. மெக்கானிக்கிடம் விடவேண்டிய வேலை எது என்று தீர்மானிக்கவும்
இயலுமானவர்களாக இருப்போம்.

எமக்கு நடந்தது

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் உள்ள றொசல்ல பகுதியில் நாம் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு மோரிஸ் மைனர் காரை வைத்திருந்தோம். ஒரு ஆனி மாதம் மூன்று கிழமை விடாத மழை. காரைச் சரிவான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேலே தறப்பாள் போட்டு விட்டிருந்தோம். மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் போஞ்சியும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனைக்குப் போகப் புறப்பட்டோம். ஹேண்ட் பிரேக்கை இறக்கினோம். கியர் போட்டோம். கார் அசையவில்லை.

நான்கு பேர் சேர்ந்து தள்ளினோம். 'டக்' என்று ஒரு சத்தம். கார் நகர்ந்தது. "கொஞ்ச தூரம் ஓடுனா தானா விட்டுரும்" என்று எம்மில் ஒருவர் சொன்னார். எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

வட்டவளையைத் தாண்டும்போது கருகிய மணம் வந்தது. முன்னால் போகும் லொறியிலிருந்து வருகிறது என்று எண்ணினோம். அதற்குப் பின் வந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. சாரதி இரண்டாம் கியருக்கும் பின் முதலாம் கியருக்கும் மாற்றி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் காரை அணைத்து நிறுத்தினார். முன் ஆசனத்தில் இருந்த அம்மாவுக்கு நெற்றியில் காயம். வேறு சேதம் இல்லை. இறங்கிப் பார்த்தால் இடது பின் சில்லிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

இருபது நிமிடம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தோம். முன்போல் கடினமாக இருந்தது! "சரியாயிருச்சு அண்ணே, போவோம்" என்றான் ஒரு இளைஞன். சாரதி மறுத்துவிட்டார். "தானா வந்தது திரும்பவும் தானா போயிரும் தம்பி. நான் எடுக்க மாட்டேன்" என்றார். அன்று அவர் மறுத்ததால்தான் நாம் இன்று இதை எழுதுகிறோம்.

விடாத பிரேக் எப்படிப் பிடிக்காத பிரேக்காக மாறியது? அதை விளங்கிக்கொள்வது பழுதுபார்க்கும் முறையைவிட முக்கியமானது. ஆகையால் முதலில் அதைப் பார்ப்போம்.

வெப்பத்தின் கணக்கு

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ட்ரம் என்னும் இரும்புக் கிண்ணம் சில்லோடு சுழல்கிறது. அதன் உள்ளே இரண்டு சூக்கள் நிற்கின்றன. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய் வழியே தள்ளப்பட்டு, ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சூக்களை ட்ரம்மோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் சூக்களைப் பின்னுக்கு இழுக்கிறது. சூ பின்னுக்கு வராவிட்டால் அதுவே இறுகிய பிரேக்.

றொசல்லவிலிருந்து கித்துல்கலைக்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ நிறையுள்ள ஒரு கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியை இஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். மிச்சம் பிரேக்குக்கே. நான்கு ட்ரம்களும் பகிர்ந்துகொண்டு, இடையிடையே ஆறினால் தாங்கும். ஒரு சூ மட்டும் ஓயாமல் உரசிக்கொண்டே வந்தால் அந்தச் சில்லு தாங்காது.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கலாம். டொட் 4 வகையில் 230 பாகை 155 ஆக இறங்கலாம். சூடேறிய சிலிண்டரில் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைக்குப் போவது இதனால்தான். ஆறிய பின் ஆவி மீண்டும் திரவமாகிறது, பெடலும் திரும்பி வருகிறது. பழுது போனதாக அதற்கு அர்த்தம் இல்லை.

மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவப் பாதைதான். ஒரு பின் சில்லில் ஆவி உண்டானால் நான்கு சில்லின் பிரேக்கும் போய்விடும்.

மழையும் பழைய காரும்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் செய்யப்பட்டன. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபடியால் எமது நாட்டில் இக்கார்களை எறிந்துவிடாமல் பழுதுபார்த்து ஓட்டும் கைத்திறன் வளர்ந்தது. மைனருக்கான உதிரிப்பாகங்கள் காலியில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்ட காலமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், நின்றுகிடந்த பழைய கார்கள் பலவும் திரும்ப வீதிக்கு வந்தன.

நின்றுகிடந்த கார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2022இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் கிழமைக்கணக்கில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் வாகனங்கள் சேற்றிலும் வெள்ளத்திலும் நின்றன. வட்டவளைப் பக்கம் சாதாரண ஆண்டிலேயே 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இது கொழும்பு மழையின் இரண்டு மடங்கு. ஓடும் காரின் பிரேக் தன் வெப்பத்தால் காய்ந்துவிடும். நிற்கும் காரின் பிரேக் துருப்பிடிக்கும். பின் பிரேக்குக்கு முன் பிரேக்கைவிட வேலை குறைவு. அதனால் அது காய்வதும் குறைவு. அதோடு ஹேண்ட் பிரேக்கும் பின் சில்லுகளில்தான் இருக்கிறது. ஆகவே பின் பிரேக்கே முதலில் இறுகுகிறது.

காரணத்தைக் கண்டறிதல்

இறுகிய காரை இஞ்சின் பலத்தால் இழுக்க வேண்டாம். லைனிங் சூவிலிருந்து பிய்ந்து வரலாம், பின் அச்சு முறியலாம். எமது காரில் கேட்ட 'டக்' என்ற சத்தம், ஒரு சூவின் லைனிங் பிய்ந்த சத்தம் என்பதை ட்ரம்மைக் கழற்றிய பின்பே அறிந்தோம்.

முதலில் காரை மட்டமான இடத்தில் வைக்கவும். மட்டமான இடத்துக்கு நகர்த்த இயலாவிட்டால் வேலையைத் தொடங்காமல் மெக்கானிக்கை அழைத்து வரவும். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். ஹேண்ட் பிரேக்கை இறக்கித்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதால், காரைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கட்டைகள் மாத்திரமே. பின் ஜக் அடித்து, அச்சின் இரு பக்கமும் உறுதியான ஸ்டாண்ட் வைக்கவும். செங்கல் வைக்க வேண்டாம். அது திடீரென நொறுங்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காரின் கீழே போகக் கூடாது.

இனி நான்கு கேள்விகளைக் கேட்போம்.

(அ) ஒரு சில்லா, இரண்டு சில்லுமா? கியரை நியூட்ரலில் வைத்து இரண்டையும் கையால் சுற்றிப் பார்க்கவும். மைனரில் பின் அச்சுக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ்தான் போகிறது. இரண்டு சில்லும் ஒரேயடியாக இறுகியிருந்தால் அந்த ஹோஸையும் மாஸ்டர் சிலிண்டரையும் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் இறுகியிருந்தால் பழுது அந்தச் சில்லிலோ அதன் கேபிளிலோ இருக்கும்.

(ஆ) கேபிள் தளர்ந்திருக்கிறதா? மைனரில் ஒவ்வொரு பின் சில்லுக்கும் தனிக் கேபிள் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பின்னும் கேபிள் விறைப்பாக இருந்தால், அது உறைக்குள் துருப்பிடித்து நிற்கிறது.

(இ) திரவ அழுத்தம் நிற்கிறதா? சில்லின் பின்புறமுள்ள காற்றெடுக்கும் நிப்பிளைச் சிறிது திறக்கவும். திரவம் பீச்சி வந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போகாமல் தடைப்பட்டிருக்கிறது. பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கலாம். நிப்பிள் துருவேறி அசையாவிட்டால் பலவந்தம் செய்யாமல் விட்டுவிடவும்.

(ஈ) மேற்கூறிய எதுவும் இல்லையா? அப்படியானால் சூ ட்ரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது, அல்லது சிலிண்டர் இறுகியிருக்கிறது. ட்ரம்மைக் கழற்றியே ஆகவேண்டும்.

ட்ரம்மைக் கழற்றுதல்

சில்லு நட்டுகளை ஜக் அடிக்க முன்பே சிறிது தளர்த்தி வைத்திருக்க வேண்டும். சில்லைக் கழற்றிய பின் ட்ரம்மின் முகத்திலுள்ள துவாரத்தின் ஊடாக அட்ஜஸ்டரைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் சூக்கள் உள்ளே போகும். ட்ரம் சுழலாவிட்டால் துவாரம் அட்ஜஸ்டருக்கு நேரே வராது. அந்நிலையில் கேபிளைத் தளர்த்தி, ட்ரம்மின் விளிம்பில் மரக்கட்டையை வைத்துச் சுற்றிவர மெதுவாகத் தட்டவும். சூ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்தத் தட்டலிலேயே விடும். ட்ரம் வார்ப்பிரும்பு, சுத்தியலால் நேரே அடித்தால் வெடிக்கும்.

பின் ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குருவையும் கழற்றவும். நடுப்பகுதி துருவால் பிடித்திருந்தால் துரு இளக்கும் ஒயிலைச் சிறிது விட்டு, ஓர் இரவு பொறுத்திருக்கவும். ஒரு நாள் போகட்டும். உடைந்த ட்ரம்முக்குப் பதில் தேடக் கிழமைகள் போகும்.

தூசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் உட்படக் கடுமையான நோய்களை உண்டாக்கும். ஆகவே ட்ரம்மை வாயால் ஊதவோ, காற்றடித்துத் துப்புரவு செய்யவோ, காய்ந்த துணியால் தட்டவோ கூடாது. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காயுமுன் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தவும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம். வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்கவும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைப் பிரிக்கவும். ஸ்பிரிங் எந்தத் துவாரத்தில் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று மறந்துபோனால் மறுபக்கம் எமக்குப் பாடம் சொல்லும்.

லைனிங்: பிய்ந்திருந்தாலோ, ஆணித்தலை மட்டத்துக்குத் தேய்ந்திருந்தாலோ, பிரேக் திரவமோ அச்சு ஒயிலோ ஊறியிருந்தாலோ மாற்றவும். ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவது பலர் விடும் பிழை. சூடேறும்போது ஊறியது வெளியே வரும். மாற்றும்போது இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

வீல் சிலிண்டர்: ரப்பர் உறையை மெதுவாக விலக்கிப் பார்க்கவும். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது. உட்சுவரில் துருக்குழி இருந்தால் தேய்த்துத் திரும்பப் பாவிக்காமல் புதிது வாங்கவும். மைனரில் இன்னொரு விசேடம் உண்டு. பின் சிலிண்டர் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருப்பதில்லை. அது பின் தகட்டிலுள்ள நீள் துவாரத்தில் முன்னும் பின்னும் வழுக வேண்டும். சேறும் துருவும் சேர்ந்து அது வழுகாமல் நின்றால், சிலிண்டர் புதிதாக இருந்தாலும் சூ விடாது. எமது காரில் கண்ட மூல காரணம் இதுவே. அந்தத் துவாரத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிறீஸை மிக மெல்லியதாகப் பூசவும். லைனிங்கில் படக் கூடாது.

கேபிள்: உறைக்குள் தாராளமாக ஓட வேண்டும். நார் பிரிந்த கேபிளை மாற்றவும்.

பூட்டிய பின்

அட்ஜஸ்டரைக் கடிகார முள்ளின் பக்கம் சூ இறுகும்வரை திருப்பி, பின் ஒரு பல் மட்டும் தளர்த்தவும். சில்லு தாராளமாகச் சுழல வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை இதற்குப் பின்பே சரிசெய்ய வேண்டும். சூ தேய்ந்ததால் கைபிடி அதிகம் மேலே வருகிறது என்று கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால், பிரேக் எந்நேரமும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சிலிண்டரையோ ஹோஸையோ திறந்திருந்தால் காற்றெடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை திரவத்துள் அமிழ்ந்திருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்திலுள்ள சில்லில் தொடங்கவும். குமிழி வராத வரையில் செய்து முடிக்கவும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரை மூடியின் கீழ் இருக்கிறது. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்கவும்.

'பிரேக் ஒயில்' என்று நாம் சொன்னாலும் அது ஒயில் அல்ல. இஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் அதில் விடக் கூடாது. கழுவுவதற்கும் பாவிக்கக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் வீங்கி நான்கு சில்லும் இறுகும். திறந்து பல நாள் வைத்த போத்தலிலுள்ள திரவத்தையும் விட வேண்டாம். அது ஈரம் உறிஞ்சியிருக்கும்.

பின்னர் சோதனை. முதலில் மட்டமான இடத்தில் நடை வேகத்தில் பலமுறை பிடித்துப் பார்க்கவும். அடுத்து ஐந்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, புறங்கையைத் தொடாமல் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கொண்டுபோகவும். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் வேலை இன்னும் முடியவில்லை. சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிக்கும். இந்தச் சோதனை முடியுமுன் கினிகத்தேனை இறக்கத்துக்குப் போகக் கூடாது.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை: முறிந்த நிப்பிள், துருவேறிய இரும்புக் குழாய், ஒழுகும் அச்சு சீல், கோடு விழுந்த ட்ரம், எவ்வளவு காற்றெடுத்தும் கடினமாகாத பெடல். இவற்றுக்குச் செலவாகும் பணத்தை மிச்சம் பிடிக்க எண்ண வேண்டாம்.

வராமல் காத்தல்

1. மழையில் ஓடி வந்தால் கடைசிச் சில நூறு மீற்றரில் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை இலேசாகப் பலமுறை பிடித்துக் காயவிடவும்.
2. சில நாட்களுக்கு மேல் நிறுத்துவதானால் மட்டமான இடத்தில், கியரில் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி வைக்கவும். சரிவிலே நிறுத்த வேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வைக்கவும். ஆனால் நாளுக்கு ஒருமுறை எடுத்து ஓட்டவும்.
3. பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றவும்.
4. ஒரு மேட்டை எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கவும். பெடலில் காலை வைத்தபடியே இறங்க வேண்டாம்.
5. பழைய காரை வாங்க முன் பணம் கொடுக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சில்லுகளின் சூட்டைச் சோதிக்கவும். 'நின்றது போதும், ஓடினால் சரியாகும்' என்று விற்பவர் சொன்னால், அது சரியாகிய பின் வாங்குவதாகச் சொல்லவும்.

முடிவாக

அன்று எம்மிடம் ஸ்பானர் இருந்தது, ஜக் இருந்தது, நான்கு பேரின் பலமும் இருந்தது. இல்லாதது ஒரு மணி நேரப் பொறுமை. சந்தைக்குப் பிந்தினால் போஞ்சிக்கு விலை குறையும் என்ற பயத்தில், அசையாத கார் ஏன் அசையவில்லை என்று கேட்காமல் தள்ளினோம். போஞ்சி நட்டத்தை அடுத்த கிழமை ஈடுசெய்திருக்கலாம். அந்தக் காரில் இருந்தவர்களில் ஒருவரைக்கூட எந்தக் கிழமையிலும் ஈடுசெய்திருக்க முடியாது. கார் விடமாட்டேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் புறப்படுவோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பகுதியில் பொதுவாகப் பாவிக்கும் வாகனத்தின் பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? அதைக் குறித்து வைப்பவர் யார்?
2. 'இன்று வாகனத்தை எடுக்க முடியாது' என்று சொல்லும் அதிகாரம் சாரதிக்கு இருக்கிறதா? அவர் அப்படிச் சொன்னால் நாம் கேட்போமா?
3. வாகனம் ஓடாத நாளில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேறு என்ன ஒழுங்கு செய்திருக்கிறோம்?
4. பழுதுபார்க்கும் செலவுக்கென்று ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் ஒரு சிறு தொகையை ஒதுக்க இயலுமா?